அடியைத் திருப்பிப் பாருங்கள்

 

இன்றைய பொருள் சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மைப்புட்டி. பள்ளிக்கூட நாட்களில் நாம் சொன்னபடி சொன்னால், இங்க் பாட்டில்.

நாணயம் சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். தபால்தலை சேர்ப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்த காலமும் உண்டு. காலியான இங்க் பாட்டிலையுமா சேர்ப்பார்கள்? சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் விக்டோரியா அரசி காலத்துக் குப்பைமேடுகளைத் தேடிப்போய் மண்வெட்டியால் தோண்டுகிறார்கள். அமெரிக்காவில் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கழிப்பறைக் குழிகளைக்கூட விடுவதில்லை. அப்படித் தோண்டி எடுத்த இரண்டரை அங்குலப் புட்டி ஒன்றை ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ஒருவர் வாங்கிப் போகிறார். அதன் பக்கத்திலேயே இன்னொரு புட்டி. அதே வயது, அதே உயரம், அதே வடிவம். அதைச் சில டாலருக்கு மேல் கேட்பார் இல்லை.

ஏன்? அந்த ஒரு ‘ஏன்’தான் இன்றைய பேச்சு.

பழசு என்றால் விலை அதிகம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பழைய சாமான் கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார்: “சார், இது வெள்ளைக்காரன் காலத்துது.” இருக்கட்டும். அதனால் என்ன? லண்டன் ஆர்னால்டு கம்பெனியின் மைப்புட்டியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி அல்ல, சுட்ட மண். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் போலக் கனத்து, பளபளத்து, பழுப்பாக இருக்கும். வாயில் மையைச் சாய்த்து ஊற்ற ஒரு சிறு மூக்கு. உடலின் கீழ்ப்பகுதியில், களிமண் ஈரமாக இருந்தபோதே அழுத்திய முத்திரை: டெர்பி நகருக்கு அருகே டென்பி மட்பாண்டச் சாலை, ஜோசப் போர்ன் அண்ட் சன், அதன் கீழே பி. அண்ட் ஜே. ஆர்னால்டு, லண்டன். நூறு வயதை எப்போதோ தாண்டிய புட்டி. விலை? மிகச் சாதாரணம்.

காரணம் எண்ணிக்கை. டென்பியில் 1806இல் நல்ல களிமண் கண்டார்கள். 1809இல் போர்ன் குடும்பம் அங்கே தொழில் தொடங்கியது. ஆர்னால்டு மை அந்தப் புட்டிகளில் நிரம்பி உலகம் முழுக்கக் கப்பலேறியது. ஆஸ்திரேலியாவில் தோண்டினாலும் கிடைக்கிறது, நியூஸிலாந்தில் தோண்டினாலும் கிடைக்கிறது, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முகாம்களிலும் கிடைக்கிறது. சுட்ட மண் எளிதில் உடையாது, உடையாதது பெருகிப்போகும், பெருகியது விலை போகாது. ஆனால் அதே போர்ன் குடும்பத்தின் இன்னொரு புட்டியின் முத்திரையில் ‘கோட்னர் பார்க்’ என்ற பெயரும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கோட்னர் பார்க் சாலையை அவர்கள் நடத்தியது 1833 முதல் 1861 வரைதான். இரண்டு சொல், காலத்தை இருபத்தெட்டு ஆண்டுக்குள் சுருக்கிவிடுகிறது.

ஆகவே வயதைக் கேட்காதீர்கள். எப்படிச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். இந்த வடிவத்தில், இந்த நிறத்தில், இந்த நிலையில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் புட்டியே பதில் வைத்திருக்கிறது. படிக்கத்தான் தெரிய வேண்டும்.

படிப்பதற்கு முன், இத்தனை புட்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாமா?

இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் பலர் மையை வீட்டிலேயே காய்ச்சினார்கள், அல்லது பொடியாக வாங்கிக் கரைத்தார்கள். ஓக் மரத்தின் மாசிக்காயில் துவர்ப்பு, அதோடு அன்னபேதி, கொஞ்சம் கருவேலம் பிசின். இதுதான் ஐரோப்பாவின் கறுப்பு மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையும் அதே இரசாயனம்தான்: துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். பிறகு பர்மிங்காம் நகரத்து ஆலைகள் எஃகு நிப்புகளை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. 1832இல் ஹென்றி ஸ்டீஃபன்ஸ் என்ற மருத்துவர் நீலக்கருப்பு மையோடு சந்தைக்கு வந்தார். மருத்துவம் படித்த நாட்களில் கவிஞர் ஜான் கீட்ஸோடு ஒரே விடுதியில் தங்கியிருந்தவர் இவர். நண்பர் கவிதைக்குப் போனார். இவர் மைக்குப் போனார். சொத்து சேர்த்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு அந்த நாட்டில் போன கடிதங்கள் ஏறக்குறைய 7.6 கோடி. 1840இல் ஏறக்குறைய 16.9 கோடி! ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். அத்தனை கடிதத்துக்கும் மை வேண்டாமா? 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களுக்கும் மை வேண்டும். ஒரு பென்னிக்கு ஒரு சின்னப் புட்டி மை. சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைப் ‘பென்னி இங்க்’ என்றே அழைக்கிறார்கள். மை தீர்ந்தது, புட்டி குப்பைக்குப் போனது. இன்று நாம் பணம் கொடுத்து வாங்குவது அன்று தூக்கி எறிந்த குப்பையை!

சரி, புட்டியைக் கையில் எடுப்போம். புதிதாகச் சேர்க்க வருபவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். பழகியவர் என்ன செய்கிறார்? சத்தமில்லாமல் புட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார்.

அடியில் என்ன இருக்கிறது? கண்ணாடிப் பட்டறையில் ஒருவர் ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து அச்சுக்குள் விட்டு ஊதுகிறார். உடல் உருவாகிவிட்டது. ஆனால் வாய்ப்பக்கம் இன்னும் ஊதுகுழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை முறித்துவிட்டு வாயைச் சரிசெய்ய வேண்டும். கொதிக்கும் புட்டியைக் கையால் பிடிக்க முடியுமா? ஓர் இரும்புக் கம்பியை அடியில் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறார். வேலை முடிந்ததும் ஒரு தட்டு. கம்பி கழன்று வருகிறது. ஒட்டிய இடத்தில் தழும்பு நின்றுவிடுகிறது. இதற்குப் பான்டில் தழும்பு என்று பெயர்.

அந்தத் தழும்பு பல விதம். சிலவற்றில் உடைந்த கண்ணாடி வளையம் கூர்மையாக இருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் கீறிவிடும், எச்சரிக்கை. சிலவற்றில் கண்ணாடி ஒட்டாமல் இரும்பின் சிவப்போ கருஞ்சாம்பலோ பூசியதுபோல் ஒரு வட்டம் மட்டும் தெரியும். அமெரிக்காவில் 1850களிலும் 60களிலும் புட்டியின் உடலையே கவ்விப் பிடிக்கும் இடுக்கிக் கருவி பரவியது, தழும்பு மறைந்தது. ஆகவே அமெரிக்க மைப்புட்டியின் அடியில் தழும்பு இருந்தால் அது பெரும்பாலும் உள்நாட்டுப் போருக்கு முந்தியது. ஒரே வடிவம், ஒரே நிறம் உள்ள இரண்டு புட்டிகளில் தழும்பு உள்ளது பல மடங்கு விலைக்குப் போகும். வேடிக்கை என்னவென்றால், தெரியாதவர் அந்தத் தழும்பைப் பார்த்து, “அடி உடைஞ்சிருக்கே” என்று பேரம் பேசுவார். பேசட்டும், விற்பவர் சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

அடுத்தது மூட்டுக் கோடு. இரண்டு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் மெல்லிய மேடு ஒன்று ஓடும். அதை நகத்தால் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். கழுத்தில் ஏறி, வாய்க்குச் சற்றுக் கீழே மறைந்துவிடுகிறதா? வாய் கையால் செய்தது. வாயையும் தாண்டி உச்சிவரை போகிறதா? இயந்திரம் செய்தது. ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903இல் வந்தது. அதன் பிறகு ஊதுகிறவர்களின் தொழில் மெல்ல மெல்லச் சாய்ந்தது. இறகு விரிந்தாற்போல் ஓரம் சிதைந்த ஒரு வட்டத் தழும்பு அடியில் இருந்தால் அது ஓவன்ஸ் இயந்திரம் கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய தடம். பான்டில் தழும்பென்று அதை விற்க வருபவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது வாய். இங்கேதான் பலர் ஏமாறுவது. பென்னிக்கு மை விற்றவனுக்கு வாயைச் சீராகச் செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. ஊதுகுழலிலிருந்து முறித்தார்கள், அப்படியே விட்டார்கள். விளிம்பு கரடுமுரடாக, பல் போனதுபோல் நிற்கும். தக்கையைத் திணித்து மெழுகால் மூடி அனுப்பிவிட்டார்கள். அந்த முரட்டு வாய் புட்டியின் பிறவிக்குணம், குறை அல்ல. அதற்காக விலையைக் குறைக்கவும் கூடாது. அப்படியானால் எந்த உடைசலையும் பிறவி முரடு என்று நம் தலையில் கட்டிவிட மாட்டார்களா? கட்டுவார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? பூதக்கண்ணாடியை எடுங்கள். பழைய முறிவின் மேல் மற்ற பரப்பில் இருக்கும் அதே மண் கறையும் மங்கலும் படிந்திருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புதிய சில்லு பளிச்சென்று மின்னும். கிளிஞ்சலின் உட்பக்கம்போல் அலையலையாக இருக்கும். பிறவியில் வந்த முரடு வாயைச் சுற்றிலும் இருக்கும். பின்னால் விழுந்த சில்லு ஒரு மூலையில் மட்டும் இருக்கும்.

பிரிட்டிஷ் புட்டியென்றால் இன்னொரு பரிசும் கிடைக்கலாம். குடிசை வடிவ மைப்புட்டி ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். கூரை உண்டு, கதவு உண்டு, ஜன்னல் உண்டு, சிலவற்றில் மழைநீர் பிடிக்கும் பீப்பாய்கூட உண்டு. கூரைக்கு மேலே, புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் புட்டியின் வாய். அதில் எங்காவது ஒரு சாய்சதுரம் புடைத்துத் தெரிகிறதா? அது வடிவத்தைப் பதிவு செய்ததற்கான அரசு அடையாளம். 1842 முதல் 1883 வரை நடைமுறையில் இருந்தது. உச்சியில் ஒரு சிறு வட்டம். அதற்குள் ரோமன் எண். மூன்று என்றால் கண்ணாடி, நான்கு என்றால் மட்பாண்டம். சாய்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் எழுத்தும் எண்ணும். 1867 வரை ஆண்டின் எழுத்து மேல் மூலையில். 1868இலிருந்து வலது மூலையில். எழுத்துகள் அகரவரிசையில் வராது. 1842க்கு எக்ஸ், 1843க்கு எச் என்று கலைத்துப் போட்டிருப்பார்கள். அட்டவணையை வைத்துப் படித்தால் அந்த வடிவம் பதிவான நாள், மாதம், ஆண்டு மூன்றும் கிடைக்கும்! சோழர் காலக் கல்வெட்டில்கூடத் தேதியை நாம் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். ஒரு பென்னிப் புட்டி தன் பதிவுத் தேதியைச் சுமந்துகொண்டு திரிகிறது. அது பதிவான நாள் மட்டுமே. அதே அச்சில் பல ஆண்டுகள் புட்டி போட்டிருக்கலாம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வடிவத்துக்கு வந்துவிட்டோம். வடிவம் என்றால் பேசிக்கொண்டே போகலாம்.

மைப்புட்டிகள் ஏன் குட்டையாகவும் அகன்றும் இருக்கின்றன? பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். கை இடித்தாலும் கவிழக் கூடாது. அதனால் அடி பெருத்து, மேலே ஒடுங்கும். எட்டுப் பட்டையோடு சரிந்து இறங்கும் வடிவத்தைக் ‘குடைப் புட்டி’ என்பார்கள். விரித்த குடையை மேசைமேல் வைத்தாற்போல் இருக்கும். இன்னொன்று ‘ஆமைப் புட்டி’. கவிழ்த்த கிண்ணம்போல உடல். வாய் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும். ஏன் ஓரத்தில்? அப்போதுதான் சாய்த்து வைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் தொட்டு எழுதலாம். சிக்கனம் பிடித்தவர்களின் கண்டுபிடிப்பு.

எல்லாவற்றிலும் அழகு ‘தேநீர்க் கெண்டிப் புட்டி’. உடலின் பக்கத்திலிருந்து ஒரு மூக்கு மேல்நோக்கிச் சாய்ந்து எழும். பேனாவை அந்த மூக்கில்தான் விட வேண்டும். பலவற்றில் மூக்கின் நுனியில் பித்தளை வளையமும் மூடியும் இருக்கும். நீலம், ஊதா, பச்சை, பால்வெள்ளை என்று நிறங்கள் பல. சிலவற்றில் பூவேலை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலையே உடலாக அமைந்த கெண்டிப் புட்டிகூட உண்டு. அச்சகத்தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய மனிதரின் தலைக்குள் மை! செய்தவனுக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது. இந்தக் கெண்டிகளை வாங்கும்போது பித்தளை மூடி அந்தப் புட்டிக்கே உரியதா, வேறொன்றிலிருந்து பிடுங்கி மாட்டியதா என்று பார்க்க வேண்டும். மூடிக்கு அடியில் மூக்கின் விளிம்பு உடைந்திருப்பதை மறைக்கவும் மூடி உதவும்.

அரசியலும் மைப்புட்டிக்குள் நுழைந்தது. 1840 அமெரிக்க அதிபர் தேர்தல். விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். கிழவருக்கு ஒரு மரக்குடிலும் ஒரு பீப்பாய் சைடர் மதுவும் கொடுத்தால் போதும், பேசாமல் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்த்தரப்பார் கேலி செய்தார்கள். ஹாரிசன் கட்சியார் என்ன செய்தார்கள்? அந்தக் கேலியையே கொடியாகப் பிடித்தார்கள். மரக்குடிலும் சைடர் பீப்பாயும் கட்சிச் சின்னம்போல் ஊரெல்லாம் பரவின. கண்ணாடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மரக்குடில் வடிவில் மைப்புட்டி, பீப்பாய் வடிவில் மைப்புட்டி. ஹாரிசன் வென்றார், 1841 மார்ச்சில் பதவியேற்றார், முப்பத்தோராம் நாள் இறந்தார். அந்தத் தேர்தலுக்கென்றே செய்த புட்டிகளின் காலம் அதோடு முடிந்தது. குறுகிய காலம், குறைந்த எண்ணிக்கை, அழகான கதை. மூன்றும் சேர்ந்தால் விலை ஏறாதா?

இதில் ஒரு குழப்பமும் உண்டு. ‘ஹாரிசன்ஸ் கொலம்பியன் இங்க்’ என்று புடைப்பெழுத்தில் எழுதிய புட்டிகள் ஏலங்களில் அடிக்கடி வரும். அதிபருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த ஹாரிசன், ஃபிலடெல்ஃபியாவில் மை விற்ற அப்பொல்லோஸ் ஹாரிசன். அந்தப் புட்டிகளில் வெளிர்நீலப் பச்சை ஏராளம். கோபால்ட் நீலம் வந்தால் அரங்கில் கைகள் உயரும். பன்னிரண்டு பட்டையோடு ஒரு கேலன் கொள்ளும் பெரிய புட்டி வந்தால்? அப்போது பேச்சே அடங்கிவிடும்.

கார்ட்டர் தம்பதியைச் சொல்லாமல் போனால் சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். பாஸ்டனில் 1858இல் தொடங்கிய கார்ட்டர் மை கம்பெனி 1914இல் ஒரு விளம்பர விளையாட்டு செய்தது. பீங்கானில் ஒரு குண்டு மனிதர், ஒரு குண்டு அம்மாள். பா கார்ட்டர், மா கார்ட்டர் என்று பெயர். தலையைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும், தலைதான் மூடி! செய்தது ஜெர்மனியில், அடியில் எழுத்தும் உண்டு. இரண்டும் ஜோடியாக, தலைகள் மாறாமல், வண்ணம் உதிராமல் இருந்தால்தான் முழு விலை. பல வீடுகளில் அம்மாள் விதவையாகவே நிற்கிறார். அதே கம்பெனி 1920களில் கோபால்ட் நீலத்தில், ஆறு பட்டையில், மாதாகோயில் ஜன்னல்போல் வளைவுகளோடு ஒரு பெரிய புட்டி விட்டது. அது இயந்திரத்தில் செய்தது, அத்தனை அரிதும் அல்ல. ஆனால் ஜன்னலோரம் வைத்தால் அறையே நீலமாகும்; அந்த அழகுக்கே விலை கொடுக்கிறார்கள். எண்ணிக்கை மட்டுமே விலையை ஆள்வதில்லை என்பதற்கு இது சாட்சி.

நிறத்துக்கு வருவோம். சாதாரண மணலில் இரும்பு கலந்திருக்கும். கண்ணாடி தானாகவே வெளிர்நீலப் பச்சையாக வரும். அதனால் அந்த நிறம் மலிவு. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஸ்டொடார்டு என்ற சிற்றூரில் 1842 முதல் 1873 வரை கண்ணாடி ஆலைகள் இயங்கின. அங்கிருந்து வந்த குடைப் புட்டிகள் தேன் நிறத்திலும் செம்பழுப்பிலும் இருக்கும். அவற்றுக்கென்று தனிக் கூட்டமே உண்டு. கோபால்ட் நீலம் வேண்டுமென்றே சேர்த்த நிறம். செலவு கூடுதல், எண்ணிக்கை குறைவு. நாவற்பழச் சாயலில் வரும் செவ்வூதா அதைவிட அரிது. ஒரே அச்சில் ஊதிய குடைப் புட்டி, நிறம் மாறினால் விலை ஐம்பது மடங்கும் மாறும், நூறு மடங்கும் மாறும்.

விலை இருக்கும் இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா?

1880களிலிருந்து முதல் உலகப் போர் வரை நிறமற்ற கண்ணாடி செய்ய மாங்கனீசு சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். இது இயற்கை. சிலர் புட்டிகளைக் கதிர்வீச்சுக்குக் கொடுத்துச் சில மணி நேரத்திலேயே அடர்ந்த ஊதாவாக்கிவிடுகிறார்கள். நூறு வருட வெயிலும் தராத கருமை அதில் வரும். திராட்சைச் சாறுபோல் கறுத்த ஊதாவில் சாதாரண இயந்திரப் புட்டி ஒன்றைப் பார்த்தால் விலகிப் போவதே நல்லது. இன்னொரு வகை நேரடிப் பிரதி. நியூஜெர்சியின் கிளேட்டன் ஊரில் கிளெவெஞ்சர் சகோதரர்கள் 1930களிலிருந்து பழைய பாணிப் புட்டிகளைக் கையாலேயே ஊதிச் செய்தார்கள், பான்டில் தழும்போடு! அவர்கள் செய்தது ஏமாற்றுவதற்காக அல்ல. ஆனால் கை மாறிக் கை மாறிப் போகும்போது கதையும் மாறிவிடுகிறது. நூறு ஆண்டு மேசையில் இருந்த புட்டியின் அடி விளிம்பில் நுண்ணிய கீறல்கள் திசைக்கொன்றாக ஓடும். பிரதியின் அடி வழுவழுப்பாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். விலை அதிகமில்லை. யுரேனியம் சேர்ந்த கண்ணாடி அந்த ஒளியில் பச்சையாகக் கொதிக்கும். மாங்கனீசு மங்கலாக ஒளிரும். ஒட்டுப் பசை வைத்து உதட்டை மறுபடி கட்டியிருந்தால் பல நேரங்களில் அந்த இடம் வேறாகத் தெரியும். காகித லேபிளுக்கும் இதே சோதனை. 1950 வாக்கில்தான் காகிதத்தில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். விக்டோரியா காலத்து லேபிள் டார்ச்சில் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அந்த லேபிளுக்கு விக்டோரியாவைத் தெரியாது.

உண்மையான லேபிள் இருந்தால்? அங்கே மதிப்பு துள்ளும். எழுத்தே இல்லாத வெறும் கூம்புப் புட்டி, லேபிளோடு வந்தால் யார் செய்தது, எந்த ஊர், எந்த நிறத்து மை என்று பேசத் தொடங்கிவிடும். உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கும் மையும் அப்படித்தான். அதனால்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது: வீட்டில் பழைய மைப்புட்டி கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். வெந்நீரில் ஊறப்போடாதீர்கள். லேபிள் நனைந்தால் போனது போனதுதான். பழைய கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

மண்ணுக்குள் கிடந்த கண்ணாடியின் மேல்தோல் அரித்து வானவில்போல் மினுங்கும். சிலருக்கு அது பிடிக்கும், பலருக்கு அது நோய். நீக்குவதற்கு ஒரு வழி உண்டு: குழாய்க்குள் புட்டியை வைத்து, செம்புக் கம்பித் துண்டுகளும் மெருகுப் பொடியும் தண்ணீரும் சேர்த்து, நாட்கணக்கில் உருட்டுவது. பளபளவென்று வெளியே வரும். அளவு மீறினால் எழுத்தின் கூர்மையும் கூடவே போய்விடும். இதைச் செய்யலாமா கூடாதா என்பதில் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சி. செய்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரே கட்சி.

விலையை எங்கே பார்ப்பது? கடைக்காரர் ஒட்டிய சீட்டில் இருப்பது அவருடைய ஆசை. ஏலத்தில் கடைசியாக விழுந்த தொகைதான் விலை. இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிக்கு அருகே எல்சிகாரில் பி.பி.ஆர். நிறுவனம் புட்டிகளுக்கென்றே ஏலம் நடத்துகிறது. அமெரிக்க ஏலப் பட்டியல்களில் ஒவ்வொரு மைப்புட்டிக்கும் பக்கத்தில் கோவில் என்று போட்டு ஓர் எண் இருக்கும். நம் கோவில் அல்ல! வில்லியம் கோவில் 1971இல் வெளியிட்ட மைப்புட்டிகள் பற்றிய புத்தகத்தில் அவர் தந்த வரிசை எண். எந்தப் புட்டி என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். அதே எண், அதே நிறம், அதே நிலை. அப்படி அண்மையில் விற்ற இரண்டு மூன்றைப் பார்த்தால் சந்தை புரியும். உதட்டில் ஒரு சில்லு இருந்தால் விலை பாதியாகலாம். உடலில் ஓடும் விரிசல் இருந்தால் இன்னும் கீழே. ஒன்றிரண்டே மிஞ்சிய புட்டி என்றால் விரிசலையும் மன்னித்து வாங்குவார்கள்.

நம் நாட்டுக்கும் ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவந்தவர்களுக்குத் தெரியும், எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் குவிந்த இடத்தில் அடுக்குக்குப் பின்னால் கண்ணாடிப் புட்டிகளும் தூசி படிந்து நிற்கும். அங்கேயும் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டுப் புட்டி மட்டும்தான் மதிப்பு என்றும் எண்ண வேண்டாம். சுதேசி உணர்வில் 1934இல் வங்காளத்தில் பிறந்த சுலேகா மை. 1931இல் மும்பையில் மைப்பொடியோடும் மைவில்லையோடும் தொடங்கிய கேம்லின். இவற்றின் தொடக்கக் காலப் புட்டி அட்டைப்பெட்டியோடும் லேபிளோடும் கிடைப்பது எளிதல்ல, காரணம், யாரும் எடுத்து வைக்கவில்லை. 1945இல் பந்துமுனைப் பேனா நியூயார்க் கடைக்கு வந்தது. சில பத்தாண்டுகளில் மைப்புட்டி நம் அலமாரிகளிலிருந்தும் இறங்கியது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். அப்படி வருவதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் விலை அதிகம் என்று கேள்விப்பட்டு, பழைய புட்டியைப் பார்சல் கட்டுவதற்கு முன் தொல்லியல் துறையைக் கேட்டுவிடுங்கள்.

மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் ஒரு டென்பி புட்டியும், முரட்டு வாய்ப் பென்னி இங்க் சிலவும், இரண்டு குடைப் புட்டிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. பூதக்கண்ணாடியும் டார்ச்சும் பக்கத்திலேயே உண்டு. குடைப் புட்டி இரண்டில் ஒன்று பிரதி. எது என்று மேசையில் எழுதி வைக்கவில்லை. துணியின் மேலேயே வைத்துப் பாருங்கள், கையிலெடுத்தால் இரண்டு கையாலும் பிடியுங்கள், கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.